சப்பாத்துக்குள் வந்த கோயில் சாவி

என் மனைவி மக்டலீன் பயப்படுவதற்கு ஒரு காரணம் வேண்டும் என்று நான் நம்பியிருந்த காலம் ஒன்று உண்டு. கலியாணமாகி முப்பத்து நான்கு வருடத்தில் அந்த நம்பிக்கை போய்விட்டது. அடுப்பை அணைத்தோமா என்று பார்க்க, ஒஷாவா போகிற வழியில் பாதித் தூரத்திலிருந்து ஸ்காபரோ வீட்டுக்கு மூன்று தடவை திரும்பி வந்திருக்கிறோம். மூன்று தடவையும் அடுப்பு அணைந்துதான் இருந்தது. "இண்டைக்கு அணைஞ்சிருக்கு" என்பாள். மற்ற நாட்களுக்கு உத்தரவாதம் இல்லையாம்.

அவளையும் குறை சொல்ல முடியாது. ஒரு முதியோர் இல்லத்துக் குசினியில் இருபத்திரண்டு வருடம் சமையல் வேலை செய்தவள். யாருக்கு உப்பு ஆகாது, யாருக்கு விழுங்க முடியாது என்பதெல்லாம் அவள் தலைக்குள் இருந்தது. ஒரு தட்டு மாறினால் ஆள் போய்விடும். ஞாயிற்றுக்கிழமைகளில் நல்ல உடுப்பு உடுத்து, வராத பிள்ளைகளுக்காக வாசலைப் பார்த்தபடி இருக்கிற கிழவிகளுக்குத் தன் இடைவேளையில் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவாள். வேலையை விட்டாள், பயம் அவளை விடவில்லை.

அவள் பயமில்லாமல் இருக்கிற ஒரே இடம் ஆளில்லாத பழைய கோயில். மன்னார்க் கத்தோலிக்கர் நாங்கள் தேவாலயத்தைக் கோயில் என்றுதான் சொல்வோம். எங்கள் ஆட்களுக்குக் கோயில் என்றால் திருநாளும் கூட்டமும் ஒலிபெருக்கியும். இவளுக்கு அதெல்லாம் இல்லாத கோயில் வேண்டும். ஒன்ராறியோவில் சோளக் காணிகளுக்கு நடுவே நிற்கிற செங்கல் கோயில் ஒன்றையும் விடாமல் சனிக்கிழமைகளில் அவளைக் கூட்டிக்கொண்டு திரிந்தேன். பாதிக்கு மேல் பூட்டித்தான் கிடக்கும். ஜன்னலுக்குள்ளால் எட்டிப் பார்த்துவிட்டு, சந்தோஷமாகவே திரும்பி வருவாள்.

போன ஒக்ரோபரில் அவளுடைய தங்கை மகள் அன்ரனெற்றின் கலியாணத்துக்குக் கார்டிஃப் போனோம். கலியாணம் முடிந்து மூன்று நாள் கையில் இருந்தது. வாடகைக் கார் எடுத்து, வேல்ஸ் மலைகளுக்குள் கோயில் பார்க்கப் புறப்பட்டோம். அங்கே நாட்டுப்புற ரோட்டு ஒரு கார் அகலம். எதிரே வண்டி வந்தால் யாராவது ஒருவர் பின்னால் போக வேண்டும். எல்லாத் தடவையும் நான்தான் போனேன்.

கடைசி நாள் பின்னேரம் ஒரு சின்னக் கற்கோயிலுக்குப் போனோம். 'சாவி எதிர்ப் பண்ணை வீட்டில்' என்று கதவில் எழுதி ஒட்டியிருந்தது. வீட்டில் மிசிஸ் பிரைஸ் என்ற மூதாட்டி இருந்தார். எண்பதைத் தாண்டியவர். எங்கள் பெயரைக்கூடக் கேட்காமல், ஒரு சாண் நீளத்து இரும்புச் சாவியை எடுத்து மக்டலீனின் கையில் வைத்தார். "ஆறுதலாகப் பார்த்துவிட்டுக் கொண்டு வாருங்கள்" என்றார். மக்டலீன் அதைப் பூட்டில் போட்டாள். சாவி லேசாகச் சுழன்றது, கதவு திறந்தது. நல்ல எண்ணெய் போட்டு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

கோயிலுக்குள் சப்பாத்தோடு போகக்கூடாது என்பது அவள் ஊரிலிருந்து கொண்டுவந்த சட்டம். ரொறன்ரோவில் குளிருக்காக விட்டுக்கொடுத்தாள், இங்கே விடவில்லை. சாவியை மறந்துவிடுவோம் என்ற பயத்தில், கழற்றிய பூட்ஸுக்குள்ளேயே அதைப் போட்டாள். அது காலில் குத்தாமல் பூட்ஸ் போட முடியாதல்லவா. உள்ளே உட்காருகிற மரவாங்குகள் மக்கிப்போய், சுவரில் இடுப்புக்குக் கீழே அழிந்துபோன ஒரு புனிதரின் ஓவியம், யாரோ அன்று வைத்த தோட்டத்துப் பூக்கள். முக்கால் மணி நேரம் முழங்காலில் இருந்தாள். நான் வாசலில் நின்று போனில் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மழை சரிந்து அடித்து, வாசலில் கிடந்த பூட்ஸ் இரண்டையும் நனைத்துவிட்டது. காரில் இருந்த அவளுடைய செருப்பைக் கொண்டுவந்து கொடுத்தேன். பூட்ஸை ஒரு பிளாஸ்ரிக் பையில் போட்டுக்கொண்டு, பண்ணை வாசலில் நின்ற காருக்கு நான் முதலில் ஓடினேன். அவள் கதவைச் சாத்திவிட்டுப் பின்னால் வந்து ஏறினாள்.

"குடுத்திட்டீங்கள்தானே?" என்று கேட்டாள்.

எதைக் கேட்கிறாள் என்று நான் கேட்கவில்லை. கார் காட்டுகிற வழியிலேயே என் கவனம் இருந்தது. "ஓம் ஓம்" என்றேன். இந்த முப்பத்து நான்கு வருடத்தில் நான் சொன்ன ஓம்களில் பாதி இந்த வகைதான்.

ஸ்காபரோவுக்கு வந்து இரண்டாம் நாள், நிலவறையில் பூட்ஸைக் காயவைக்கப் பையைக் கவிழ்த்தாள். சாவி சீமெந்துத் தரையில் விழுந்த சத்தம் மேலே எனக்குக் கேட்டது.

"இஞ்சேருங்கோ, இஞ்ச வாங்கோ." குரல் அடங்கியிருந்தது. அவள் கத்தினால் எனக்குப் பயமில்லை. "குடுத்திட்டன் எண்டெல்லோ சொன்னீங்கள்?"

"நீர் எதைக் கேட்டனீர் எண்டு எனக்கு விளங்கேல்லை."

"சாவியைக் குடுத்தால் மனிசி வந்து பூட்டும் எண்டு நினைச்சன். அப்ப கோயில் பூட்டாமல் கிடக்குது. நாலு நாளாக் கிடக்குது." படியில் உட்கார்ந்துவிட்டாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த முறை அடுப்பு உண்மையிலேயே எரிந்துகொண்டிருந்தது. அதைப் பற்றவைத்தவன் நான்.

பண்ணை வீட்டின் போன் நம்பர் எங்களிடம் இல்லை. அந்தப் பகுதித் திருச்சபை அலுவலகத்துக்குப் போன் எடுத்தால், செய்தியை விடச் சொல்லி ஒரு இயந்திரம் பேசியது. மூன்று முறை விட்டோம். கடிதத்தை மக்டலீன் நான்கு தரம் எழுதிக் கிழித்தாள். ஐந்தாவதை, எங்கள் நம்பரும் போட்டு, சாவியோடு கூரியரில் அனுப்பினோம். அதன் பிறகு அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பார்சல் எங்கே நிற்கிறது என்று அரை மணிக்கொரு தரம் போனில் பார்ப்பாள். "இன்னும் மிசிசாகாவிலதான் நிக்குது" என்பாள். "ஆடுகள் உள்ளுக்குப் போயிருக்கும். அந்தச் சுவரில அரைவாசிப் புனிதர்தான் மிச்சம், அதையும் ஆரும் சுரண்டிப்போடுவினம். எங்களை நம்பித் தந்த மனிசி." நான் ஆறுதல் சொல்ல வாயைத் திறந்தால், என் ஓம் ஓம் அங்கே வந்து நின்றது.

அனுப்பி ஒன்பதாம் நாள் காலை போன் வந்தது. மிசிஸ் பிரைஸ். மக்டலீன் ஸ்பீக்கரைப் போட்டாள். மன்னிப்பை ஆங்கிலத்தில் பாடமாக்கி வைத்திருந்தாள்; பாதியில் அழுதுவிட்டாள்.

"கோயிலுக்கு ஒன்றும் ஆகவில்லை, மகளே" என்றார் அந்த அம்மா. "அந்தப் பூட்டு என் கணவர் இருந்தபோதே பழுது. கதவைத் தள்ளினாலே திறக்கும்."

மக்டலீன் என்னைப் பார்த்தாள். "அப்படியென்றால் சாவி எதற்கு?"

"சும்மா பார்க்க வருகிறவர்கள் பார்த்துவிட்டு அப்படியே போய்விடுவார்கள். சாவி கொடுத்தால், அதைத் தர வீட்டுக்குத் திரும்பி வருவார்களல்லவா. இருந்து ஒரு தேநீர் குடிப்பார்கள். அன்றைக்கும் மூன்று கோப்பை எடுத்து வைத்திருந்தேன். உங்கள் கார்ச் சத்தம் கேட்டது. மழைக்காகக் காரை வீட்டு வாசலுக்குக் கிட்டக் கொண்டு வருகிறீர்கள் என்று நினைத்தேன்."

அவர் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். அந்த அம்மா கதவைத் திறந்து வைத்து நின்றிருப்பார். நான் வழி பார்த்துக்கொண்டு போய்விட்டேன்.

மக்டலீன் போனைக் கையால் பொத்தினாள். "நான் பூட்டை நினைச்சுத்தான் பயந்தனான். அந்த மனிசி வாசலைப் பாத்துக்கொண்டிருக்கும் எண்டு ஒருக்காலும் நினைக்கேல்லை. எனக்கெல்லோ அது தெரிஞ்சிருக்க வேணும்." கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏதோ கேட்டாள். பக்கத்து வீட்டுக்காரன் இலை ஊதுகிற இயந்திரத்தை முடுக்கியிருந்தான். எனக்குச் சரியாகக் கேட்கவில்லை.

ஓம் என்று வாய்வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு, எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன்.

"என்ன கேட்டனீர்? திருப்பிச் சொல்லும்."

"ஏப்ரலில அந்த மனிசியைப் பாக்கப் போவமோ எண்டு கேட்டனான்."

"ஓம்" என்றேன்.