முழங்கால் ஆழத்து மஞ்சள்

டெலானிபூரில் ஓர் அலுவலகத்தில் வரைபடம் வரைந்து வரைந்தே எனக்கு மூக்கில் கண்ணாடி ஏறியது. ஓய்வு பெற்றதும், எங்கள் பள்ளத்தாக்கின் மூன்று காலத்து வரைபடங்களைக் கலர் நகலெடுத்துக் கூடத்துச் சுவரில் ஒட்டினேன். மஞ்சள் என்றால் விளைநிலம், சிவப்பு என்றால் கட்டடம், வெள்ளை என்றால் காலி. முதலாவதில் குன்றுக்குக் குன்று மஞ்சள், நடுவே நீலமாக ஓடை. இரண்டாவதில் ஓடையோரம் சிவப்புப் புள்ளிகள். மூன்றாவதில் ஒரே சிவப்பு, கீழ்மூலையில் மட்டும் துளி வெள்ளை. அது என் வயல். சுனாமி உப்பு ஏறி நான் பயிர் வைக்காத காலத்தில் வந்து அளந்திருக்கிறார்கள்.

எங்கள் தீவில் மனை காட்ட ஆட்களை மார்ச்சில்தான் கூட்டிவருவார்கள். காய்ந்த ஓடை அப்போது பாதை மாதிரியே கிடக்கும். மெயின்லேண்டிலிருந்து வந்தவர்கள் வாசலிலேயே ரோடு என்று பூரித்துப்போய் வாங்குவார்கள். மே மாதம் மழை பிடித்ததும் ரோடு ஓட ஆரம்பிக்கும். பக்கத்து வீட்டு கான்ட்ராக்டரும் அப்படி வாங்கியவர்தான். போன மழையில் அவர் செருப்பு என் வயலில் வந்து ஒதுங்கியது. வாய்விட்டுச் சிரித்தேன்.

"அக்கா, ஜித் பண்ணாதீங்க, இவ்ளோ பிடிவாதம் எதுக்கு? வயல்ல மிட்டி போட்டு நிரப்பி எனக்கே குடுத்துடுங்க" என்பார்.

"உங்க வீட்டு வெள்ளம் வடியறதே என் வயல்லதான். மண்ணு போட்டா உங்க கட்டில் மேல ஏறும், பரவால்லயா?"

இந்த வருஷம் புது வரைபடத்துக்கு அளக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். மறுபடியும் வெள்ளை என்று ஏறினால் அப்புறம் அது மனைதான். வரைந்தவளுக்குத் தெரியாதா? நடவுக்கு ஆள் கூப்பிட்டால் எல்லோருக்கும் கட்டட வேலை. நானே இறங்கினேன். இடுப்பு என்னைத் திட்டியது, நான் கான்ட்ராக்டரைத் திட்டிக்கொண்டே நட்டேன். வரிசையெல்லாம் கோணல்.

பாதி நட்டிருந்தபோது சர்வேயர் வரப்பில் வந்து நின்றான். கையில் டேப்லெட், பின்னால் கான்ட்ராக்டர்.

"ஆன்ட்டி, பழைய மேப்ல இது காலி ஜமீன்னு வெள்ளையா இருக்கு. சாரும் அதான் சொல்றாரு. அப்படியே விட்டுடவா?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"இறங்கி வாப்பா. கால வச்சுப் பாத்துட்டுச் சொல்லு, காலியா இல்லையான்னு."

ஷூவைக் கழற்றிவிட்டு இறங்கினான். ஒரே எட்டில் முழங்கால்வரை புதைந்தான்.

"மஞ்சளே போட்டுடறேன் ஆன்ட்டி! கையக் குடுங்க!"

"முதல்ல போடு" என்றேன். "அப்புறம் குடுக்கறேன்."