பிக்கப்பின் முன் சீட்டு

தோஹா தொழில்பேட்டையில் எங்கள் ஃபோர்மேன் கீழக்கரைக்காரர். என்னைவிட இளையவர். கறுத்த தாடி, இஸ்திரி கலையாத சட்டை. சைட்டுக்குப் போகும் பிக்கப்பில் டிரைவருக்குப் பக்கத்தில் ஒரே ஒரு ஏசி சீட்டுதான். அதில் நாங்கள் ஆறு பேரும் ஆளுக்கொரு நாள் உட்கார வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். அவருக்கும் ஒரு நாள்தான்.

முதலாளி சைட்டைப் பார்க்க வந்த அன்று என் முறை.

"பாய், இன்னிக்காவது நீங்க முன்னாடி ஏறுங்க. முதலாளி கேட்லயே நிப்பாரு" என்றேன்.

"அவ்வளவு பெரிய ராஜ்யத்த ஆண்ட கலீபா ஜெருசலத்துக்குள்ள நடந்துதான் போனாரு. ஒட்டகத்துல இருந்தது வேலைக்காரரு. அன்னிக்கு அவர் முறைண்ணே. ஏறுங்க, யல்லா!"

கேட்டில் முதலாளி என்னை ஃபோர்மேன் என்று நினைத்துக் கை குலுக்கினார். பின்னால் கம்பிக் கட்டுகளுக்கு நடுவிலிருந்து, தாடியெல்லாம் மணலாக, அவர் நிதானமாக இறங்கினார்.

ஏசியில் வந்த எனக்குத்தான் வேர்த்துக் கொட்டியது.