தம்பி இடுப்பில் நிற்காத கால்சட்டை

என் தம்பிக்கு இடுப்பு என்று ஒன்று இருப்பதை அவனுடைய கால்சட்டைகள் ஒப்புக்கொண்டதே இல்லை. எதைப் போட்டுவிட்டாலும் கொஞ்ச நேரம் மரியாதைக்கு நிற்கும். பிறகு மெதுவாக இறங்கி முழங்காலில் உட்கார்ந்துகொள்ளும். அவன் அதற்காகக் கவலைப்பட்டவனில்லை. ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பந்தை எறிவான். இரண்டு கையும் வேண்டிய விளையாட்டு என்றால் கால்சட்டையை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விடுவான். அம்மா அரைஞாண் கயிற்றுக்குள் துணியைச் செருகிப் பார்ப்பாள். கயிறும் சேர்ந்து இறங்கும்.

அப்போது நாங்கள் கடலூர் மஞ்சக்குப்பத்தில் குடியிருந்தோம். இரண்டாயிரத்து ஏழு என்று நினைக்கிறேன். நான் நான்காம் வகுப்பு. தம்பிக்கு இரண்டு வயது முடிந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டவன் அவன். பிறந்ததில் காட்டிய அவசரத்தை வளர்வதில் காட்டவில்லை. உயரம் மட்டும் ஒழுங்காக ஏறியது, அகலம் ஏறவில்லை. சட்டையைக் கழற்றினால் விலா எலும்புகள் வரிசையாகத் தெரியும். டாக்டரிடம் காட்டியபோது அவர் தம்பியின் வயிற்றில் விரலால் தட்டிவிட்டு, "நாள் பூரா ஓடறான், எங்க ஒட்டும்? புள்ள நல்லாத்தாம்மா இருக்கான்" என்றார். அம்மாவும் தலையாட்டினாள். ஆனால் அந்த ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டுவதற்குள் அவளுக்குப் பழையபடி கவலை வந்துவிட்டது.

கவலைக்குத் தூபம் போடுவதற்கு அத்தை இருந்தார், அப்பாவின் அக்கா. திருப்பாதிரிப்புலியூரிலிருந்து நினைத்தால் வந்துவிடுவார். வந்ததும் தம்பியைத் தூக்கிக் கையில் எடை பார்ப்பார். "என்னாம்மா, புள்ளையக் கையில வச்சிருக்கேனா, துணிய வச்சிருக்கேனா? சோறு போடறியா இல்லியா?" என்பார். அடுத்து என் பக்கம் திரும்புவார். நான் அன்றைக்கே நல்ல உருண்டை. "அவன் பங்கையும் சேத்து நீதான் தின்றியா?" என்று கன்னத்தைக் கிள்ளுவார். எனக்கு அது உண்மையாக இருக்குமோ என்று பயம் வந்து, என் முட்டையில் பாதியைத் தம்பிக்குக் கொடுக்க ஆரம்பித்தேன். அவன் அதை வாங்கி மதில்மேல் உட்காரும் காக்காவுக்குக் கொடுத்தான். அந்தக் காக்கா நன்றாகத் தேறியது.

இந்த நிலையில்தான் தம்பிக்குத் திருவந்திபுரம் பெருமாள் கோயிலில் மொட்டையடித்துக் காது குத்துவது என்று முடிவாயிற்று. எல்லோருக்கும் சந்தோஷம், அம்மாவைத் தவிர. சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் வருவார்கள். முடி இருக்கும்போதே இந்த லட்சணம், மொட்டையும் அடித்துவிட்டால் கழுத்து எப்படித் தெரியும் என்று அவள் ராத்திரி பகலாக யோசித்தாள். மடியில் வைத்துக் காது குத்த வேண்டியவர் தாய்மாமன். புதுத்துணி எடுத்து வரவேண்டியவரும் அவர்தான். சிதம்பரத்தில் செல்போன் கடை வைத்திருந்த என் மாமா அம்மாவுக்குத் தம்பி. அப்போது கல்யாணம் ஆகவில்லை. எங்களுக்கென்றால் எதையும் செய்வார். "அக்கா, மருமவனுக்குக் கோட்டு சூட்டு எடுக்கறேன், நீ பாரு" என்று போனில் சொன்னார்.

அம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "நீ பாட்டுக்கு எதையாவது எடுத்துடாத. ஞாயித்துக்கெழம நான் புள்ளைய இட்டுகினு வர்றேன்" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் நானும் தம்பியும் சிதம்பரம் பஸ் ஏறினோம். ஆலப்பாக்கம் தாண்டும்வரை தம்பி ஜன்னலோரம் நின்று எதிரே வருகிற லாரிகளுக்கெல்லாம் டாட்டா காட்டினான். பிறகு அம்மா மடியில் தூங்கிப்போனான். தூங்கியபோதும் அவன் கை கால்சட்டையைப் பிடித்தபடியே இருந்தது. அம்மா அந்தக் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

பஸ் ஸ்டாண்டில் மாமா காத்திருந்தார். மேலவீதியில் ஒரு பெரிய துணிக்கடைக்குக் கூட்டிப்போனார். குழந்தைகள் துணி மாடியில். அங்கே நின்ற பெண் தம்பியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "புள்ளைக்கு என்னா வயசுக்கா?" என்றாள்.

"ஒரு வயசு" என்றாள் அம்மா.

எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று தோன்றியது. பொய் சொன்னால் வாயில் சூடு வைப்பேன் என்று எனக்குச் சொன்ன அம்மா, முகம் மாறாமல் அதைச் சொன்னாள். நான் மாமாவைப் பார்த்தேன். மாமா மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்தார். வெளியூருக்குத் துணி எடுக்கப் போனால் வயதைக் குறைத்துச் சொல்வதுதான் வழக்கம் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். அந்தப் பெண் என்னைப் பார்த்து, "பாப்பாவுக்கு?" என்று கேட்டபோது, ஒன்பது வயதுக்காரியான நான், "எட்டு" என்றேன். மாமாவுக்கு இருமல் வந்துவிட்டது.

ஒரு வயதுத் துணிகள் வந்து குவிந்தன. இடுப்பு ஓரளவு நின்றது, ஆனால் கால் பாதியிலேயே முடிந்துவிட்டது. கெண்டைக்கால் வெளியே தெரிய, வெள்ளத்தில் இறங்கப்போகிறவன் மாதிரி நின்றான் தம்பி. கோட்டின் கையும் முழங்கையோடு சரி. "ஒரு வயசுக்கு ஒசரம் ஜாஸ்திக்கா உங்க புள்ளைக்கு" என்றாள் அந்தப் பெண். அம்மாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. தம்பியைப் பற்றி யாரும் 'ஜாஸ்தி' என்ற சொல்லைச் சொல்லி அவள் கேட்டதில்லை.

இரண்டாவது கடையில் வெளிச்சம் இன்னும் கூடியது. தம்பிக்கு வாய் சும்மா இருக்காது. காலையில் பஸ் ஸ்டாண்டில் ஒரு கண்டக்டர் கூவியதைக் கேட்டு வைத்திருந்தான். துணி மாற்ற மேசைமேல் நிறுத்தியதும், "சேத்தியாத்தோப்பு, சேத்தியாத்தோப்பு! ஏறு, ஏறு! உள்ள போ!" என்று கத்தினான். கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஒரு வயசுலியா இப்புடிப் பேசுது!" என்று ஒரு அம்மாள் வாயில் கைவைத்தார்.

"எங்க குடும்பத்துல எல்லாமே சீக்கிரம் பேசிடுங்க" என்றார் மாமா, கொஞ்சமும் கூசாமல்.

ஆளாளுக்குத் தம்பியைத் தூக்கினார்கள். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்கள். ஒருத்தர் தன் மகனை முன்னால் தள்ளி, "பாருடா, உன்னவிடச் சின்னப் புள்ள" என்றார். அந்தப் பையன் தம்பியை எரித்துவிடுவதுபோல் பார்த்தான். எனக்கும் அவன் பக்கம் சேர்ந்துகொள்ளலாம் போலிருந்தது. சேத்தியாத்தோப்பு என்று எனக்கும்தான் சொல்லத் தெரியும், யாரும் கேட்கவில்லை. அம்மாவோ அன்றைக்கு ஒரு மகாராணி மாதிரி நின்றாள். துணி மட்டும் கிடைக்கவில்லை.

வெயில் ஏறிவிட்டது. இன்னும் சில கடைகள் ஏறி இறங்கினோம். எங்கு போனாலும் இடுப்பு சரியாக இருந்தால் கால் ஏமாற்றியது. கால் சரியாக இருந்தால் இடுப்பு கைவிட்டது. மாமா, "வேட்டி கட்டிடலாம்க்கா" என்றார். "ஒரு நிமிசம் நிக்குமாடா அது?" என்றாள் அம்மா. பசியும் சேர்ந்துகொண்டது. கடைசியாகக் கீழவீதியில் ஒரு சின்னக் கடைக்குள் நுழைந்தோம். மெலிந்த ஒரு அக்கா கல்லாவிலிருந்து எழுந்து வந்தாள். அம்மா மறுபடியும், "ஒரு வயசு" என்றாள். இந்தத் தடவை குரல் கொஞ்சம் களைத்திருந்தது.

அந்த அக்கா ஒன்றிரண்டைப் போட்டுப் பார்த்தாள். சரிவரவில்லை. "இடுப்புல உள்பக்கம் எலாஸ்டிக் வச்சது ஒண்ணு வந்திருக்குது. எலாஸ்டிக்குல வரிசையா ஓட்ட இருக்கும், வேணுங்கற அளவுக்கு இழுத்துப் பட்டன்ல மாட்டிக்கலாம். ஒல்லியான புள்ளைங்களுக்கு எடுப்பா நிக்கும்" என்றாள். அம்மா நிமிர்ந்தாள். "ஆனா அது ரெண்டு வயசுலேர்ந்துதான்க்கா வருது. ஒரு வயசுக்கு வரல. அடுத்த வருசம் வாங்க, உங்களுக்கே எடுத்து வைக்கறேன்."

மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா மேசைமேல் கிடந்த ஒரு சட்டையின் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், துணி வந்துவிடும் என்பது எனக்கே புரிந்தது. ஆனால் அவள் கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது. பசியாக இருக்கும் என்று நினைத்தேன்.

அந்த அக்கா குனிந்து தம்பியின் மோவாயைத் தொட்டு, "அடுத்த வருசம் வர்றியா தங்கம்? உனக்கு எத்தினி வயசு, சொல்லு" என்றாள்.

அந்தக் கேள்விக்குப் பதிலை அம்மாவே அவனுக்குப் பழக்கியிருந்தாள். இரண்டு விரல் காட்ட வேண்டும். ஆனால் மற்ற விரல்கள் அவன் சொன்னபடி மடங்காது, அடுத்த கையால் பிடித்து மடக்க வேண்டும். தம்பி கால்சட்டையிலிருந்து கையை எடுத்தான். கவனமாக ஒவ்வொரு விரலாக மடக்கினான். "லெண்டு!" என்று அக்காவின் மூக்குக்கு நேரே நீட்டினான். அதற்குள் கால்சட்டை தரைக்குப் போய்விட்டிருந்தது.

கடையே சிரித்தது. மாமா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "ரெண்டு முடிஞ்சி மூணு நடக்குதும்மா. எட்டு மாசத்துல பொறந்த புள்ள" என்றாள்.

"அதானே பாத்தேன், இம்மாம் வெவரமா இருக்குதேன்னு!" என்றாள் அந்த அக்கா. வேறொன்றும் கேட்கவில்லை. உள்ளே போய் ஒரு பெட்டியோடு வந்தாள்.

நீலக் கால்சட்டை, அதற்கு ஏற்ற கோட்டு. கால் கணுக்கால்வரை வந்தது. எலாஸ்டிக்கைக் கடைசி ஓட்டைவரை இழுத்து மாட்டினாள். தம்பி இரண்டு கையையும் தூக்கினான். கால்சட்டை நின்றது. நம்பாமல் குதித்துப் பார்த்தான். அப்போதும் நின்றது. கடைக்குள் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு, இரண்டு கையையும் வீசிக்கொண்டு ஓடினான். அவன் அப்படி ஓடி நாங்கள் பார்த்ததே இல்லை.

காதுகுத்து நாளன்று கெடிலத்தைத் தாண்டிப் போகும்போதே வேனில் எல்லோரும் தம்பியைப் பற்றித்தான் பேசினார்கள். மொட்டையடித்து, குளிப்பாட்டி, தலையில் சந்தனம் பூசி, கோட்டும் சூட்டும் போட்டு மாமா மடியில் உட்காரவைத்தார்கள். ஆசாரி ஊசியை எடுத்ததும் அவன் போட்ட சத்தம் கோயிலுக்கு எதிரே இருக்கும் மலைமேல் வரைக்கும் கேட்டிருக்கும். காது குத்தி முடிந்து, அத்தை அவனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு தட்டினார். கோட்டுக்கு மேலே தடவிப் பார்த்தார்.

"இப்பதாம்மா புள்ள புள்ளையாட்டம் இருக்கான். நான் சொன்ன பொறவு ஒழுங்கா சோறு போட்டிருக்க. நல்லாத் தேறிட்டான்" என்றார்.

"ஆமாங்க அண்ணி" என்றாள் அம்மா.

எனக்குப் பொறுக்கவில்லை. அவன் ஒரு சுற்றும் தேறவில்லை, துணிதான் தேறியிருக்கிறது, கடைசி ஓட்டையில் மாட்டியிருக்கிறது என்று சொல்ல வாயைத் திறந்தேன். மாமா ஒரு முழு லட்டை என் வாயில் வைத்தார். அதைத் தின்று முடிப்பதற்குள் அத்தை வேறு பேச்சுக்குப் போய்விட்டார். வந்தவர்கள் எல்லோரும் அம்மாவிடம் பிள்ளை அழகாயிருக்கிறான் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அம்மா ஒவ்வொருவரிடமும் சிரித்தாள். எல்லாம் அவள் நினைத்தபடியே நடந்துவிட்டது.

மத்தியானம் வீடு திரும்பியதும் அப்பா வேன்காரரை அனுப்பிவிட்டு வரப் போனார். அம்மா தம்பியைப் பாயில் படுக்கவைத்துத் துணியை மாற்றினாள். அவன் பாதித் தூக்கத்தில் இருந்தான். எலாஸ்டிக் அழுத்திய இடத்தில் இடுப்பைச் சுற்றிச் சிவப்பாக ஒரு கோடு விழுந்திருந்தது. அம்மா அதில் தேங்காய் எண்ணெய் தடவினாள். ஊதினாள். பிறகு குனிந்து, அவன் விலா எலும்பின்மேல் கன்னத்தை வைத்து அப்படியே கிடந்தாள். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. அவள் முதுகு மட்டும் லேசாகக் குலுங்கியது.

நான் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தம்பி கோயிலில் சாப்பிட்டது வயிற்றுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டதா என்று அம்மா காது வைத்துக் கேட்கிறாள் என்று நினைத்தேன். அவளுக்குச் சரியாகக் கேட்கட்டும் என்று, சத்தம் போடாமல் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தேன்.