நாற்பதாவது வால்

நான் ஒரு முட்டாள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்கு இன்னும் கேவலமாக இருக்கும். எங்கள் காலனியில் இருந்த தெருநாய்கள் பதினைந்து, மிஞ்சிப்போனால் பதினாறு. மனுவில் நான் எழுதியது நாற்பது. முதலில் ‘பல நாய்கள்’ என்றுதான் எழுதினேன். மனு சோகை பிடித்தது போல் இருந்தது. ‘ஏறத்தாழ நாற்பது’ என்று மாற்றியதும் அதற்கு ஒரு கம்பீரம் வந்துவிட்டது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. முட்டுக்காட்டைத் தாண்டி, கடலோரச் சாலையை ஒட்டிய ஒரு காலனியில் மாடியில் குடியிருந்தோம். ஆராய்ச்சி நிலையத்தில் எனக்குக் குமாஸ்தா வேலை. அங்கே விஞ்ஞானிகள் அணுவைப் பிளப்பார்கள், நான் கோப்புகளுக்கு நாடா கட்டுவேன்.

காலனியில் ஒரு செவலைப் பெட்டை நாய் இருந்தது. பால்காரர், தபால்காரர், ஓட்டுக் கேட்டு வந்தவர்கள் என்று எல்லோருக்கும் வாலாட்டும். என்னைக் கண்டால் மட்டும் ஆகாது. தீபாவளிக்குத் தைத்த பேண்ட்டை முதன்முதலாக ஆபீசுக்குப் போட்டுக்கொண்டு இறங்கிய காலையில், முழங்காலுக்குக் கீழே ஒரு பாகத்தை அது வாயில் வைத்துக்கொண்டு நின்றது.

“ஏங்க, இத்தனை பேர்ல உங்களை மட்டும் கரெக்டா அடையாளம் கண்டுவெச்சிருக்கே!” என்றாள் மனைவி, மாடியிலிருந்து.

அன்றைக்கே எழுதினேன். ‘பொருள்: தெருநாய்த் தொல்லை – உரிய நடவடிக்கை கோருதல்.’ கீழே ஆறு அலுவலகங்களுக்கு நகல். கார்பனில் ஆறாவது நகல் ஆவி போல்தான் விழுந்திருந்தது. அதிலும் நாற்பது மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

மூன்றாவது வாரம், ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மீன்பாடி வண்டி வந்தது. மூன்று பேர். மூத்தவர் கருங்குழிப் பக்கத்து ஆள். காய்ந்த உடம்பு, காதில் பீடி, கையில் ஆளுயர இரும்பு இடுக்கி. நான் மாடியில் காபியோடு நின்றேன். நான் எழுதி அரசாங்கம் அசைந்த முதல் நாள் அது. பெருமையாகக்கூட இருந்தது.

இடுக்கி முதல் நாயின் கழுத்தைக் கவ்வியது. இரண்டாவது ஆள் தடியை ஓங்கினான். மண்டை உடைந்தால் தேங்காய் உடைவது போல் கேட்கும் என்று நினைத்திருந்தேன். அப்படிக் கேட்கவில்லை. நனைந்த மூட்டையைத் தரையில் போட்டது போல் இருந்தது. ஒரே அடியில் சாகவும் இல்லை. நான்கு அடி. நான்காவது அடிக்குப் பிறகும் முன்காலொன்று மண்ணைப் பிறாண்டிக்கொண்டிருந்தது. மூன்றாவது ஆள் குனிந்து வாலை அடியோடு அறுத்தான். உடம்பு வண்டிக்கு, வால் கோணிக்கு.

பதினாறோடு போய்விடுவார்கள் என்று நினைத்தேன். போகவில்லை. குட்டிகளைத் தேடினார்கள். குட்டிகளுக்குத் தடி தேவைப்படவில்லை, சுவரே போதுமானதாக இருந்தது. பிறகு பக்கத்துத் தெரு. எதிர்வீட்டு வாட்ச்மேன் வளர்த்த கிழட்டு நாய், வந்தவர்களைப் பார்த்து வாலாட்டிக்கொண்டே எழுந்து வந்தது. கழுத்துப்பட்டையைக் கழற்றிப் பத்திரமாக மதில்மேல் வைத்துவிட்டுத்தான் அடித்தார்கள்.

டம்ளரும் கையுமாகக் கீழே ஓடினேன்.

“அது வீட்டு நாய்ங்க!”

“இன்னா சார் பண்றது?” என்றார் இடுக்கிக்காரர். “பேப்பர்ல நாப்பதுன்னு போட்டுகீது. நாப்பது வாலு குடுத்தாதான் கான்ட்ராக்ட்காரன் டப்பு குடுப்பான். ஒண்ணு கொறஞ்சாலும் எங்க மூணு பேருக்கும் நாமம்தான்.”

“அந்த நாற்பது தப்புங்க.”

“எவனோ படிச்ச பேமானி எண்ணாம எய்திகிறான். உனுக்கு எப்டி தெரியும்?”

எனக்கு எப்படித் தெரியும் என்று நான் சொல்லவில்லை. ஆடை கட்டிய காபியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மதியத்துக்குள் நாலைந்து தெருக்களை அலசி முப்பத்தொன்பது வால் சேர்ந்துவிட்டது. ஒன்று பாக்கி. அப்போதுதான் அந்தச் செவலை, எங்கே ஒளிந்திருந்ததோ, சாக்கடைக்குள்ளிருந்து வெளியே வந்தது. இடுக்கி கழுத்துக்குத் தப்பி இடுப்பில் விழுந்தது. திமிறியபோது வால் மாட்டி நசுங்கியது. தடி பின்காலில் இறங்கியது. அது அலறிய அலறலுக்குக் காலனியில் எல்லா ஜன்னலும் ஒன்றாகச் சாத்திக்கொண்டன. முன்கால்களால் உடம்பை இழுத்துக்கொண்டு எங்கள் மாடிப்படிக்குக் கீழே புகுந்தது.

நான் குறுக்கே பாய்ந்தேன் என்றுதான் இத்தனை வருடமாகச் சொல்லிவருகிறேன். உண்மையில் பாதி வழுக்கல். படியில் ரத்தம் இருந்தது, கால் வைத்தேன், தடிக்கும் நாய்க்கும் நடுவில் போய் விழுந்தேன். தடி என் தோளில் இறங்கி எலும்பு ‘டக்’கென்றது. அதே நொடியில் நாய் என் உள்ளங்கையைக் கவ்வியது. அடிக்க வந்தவனிடமும் அடிபட்டதிடமும் ஒரே நேரத்தில் வாங்கியவன் செங்கல்பட்டு ஜில்லாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

“நவுரு சார்,” என்றார் இடுக்கிக்காரர்.

“இதை மட்டும் விட்டுடுங்க.”

“வுட்டா முப்பத்தொம்போது.”

படியில் தடதடவென்று சத்தம். மனைவி இரண்டு கையிலும் அம்மிக்குழவியைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். “ஏங்க, அதைத் தூக்கிக்கிட்டு ஆட்டோவுல ஏறுங்க. இவரை நான் பாத்துக்கறேன்.”

மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் முன்னால், சவுக்குத் தோப்புக்குப் பின்னால், பணி ஓய்வு பெற்ற டாக்டரம்மா ஒருவர் கொட்டகை போட்டு விலங்குகளுக்கு வைத்தியம் பார்த்துவந்தார். நாயை மேஜையில் கிடத்தினேன். ஆட்டோவில் என்னை இன்னும் இரண்டு முறை கடித்திருந்தது. டாக்டரம்மா அதன் இடுப்பை ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு அலமாரியைத் திறந்தார்.

“மயக்க மருந்து ஒரு குப்பிதான் இருக்கு தம்பி. வெளியில கட்டியிருக்கற கழுதைக்கு வெச்சிருந்தேன். இது யார் அனுப்பினதுன்னு தெரியுமா? எங்கயோ குளிர் தேசத்துல நாலு பொம்பளைங்க வீட்ல கேக் சுட்டு வித்து அனுப்பினது. இனி அவங்க அடுத்த கேக் சுடற வரைக்கும் கழுதை காத்திருக்கணும்.”

வெளியே எட்டிப் பார்த்தேன். முன்காலில் எலும்பு தெரிய ஒரு கழுதை நின்றுகொண்டிருந்தது. என் நாற்பது அதன் காலிலும் விழுந்திருக்கிறது என்று தோன்றியது. மனுவையும் நாற்பது வால் கணக்கையும் டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

நாய் மயங்கிச் சாயும் நேரத்தில் சைக்கிள் ஒன்று வந்து நின்றது. ஆட்டோக்காரர்களிடம் விசாரித்துக்கொண்டு வந்த இடுக்கிக்காரர். முழங்கை வரை ரத்தம் காய்ந்திருந்தது. அதில் நெற்றியிலிருந்து வழிந்தது மட்டும் அவருடையது.

“உன் வூட்டுக்காரம்மா மண்டைய ஒட்சிட்ச்சி சார்,” என்றார், ஏதோ வீட்டு விசேஷத்தைச் சொல்வது போல. இடுப்பிலிருந்து கத்தியை உருவினார். “எனுக்கு வாலு வோணும். குட்த்தா பூடுவேன்.”

டாக்டரம்மா நிமிரவே இல்லை. “கத்தியை வெளிய வெச்சிட்டு உக்காருப்பா. நாய்க்கு முடிச்சிட்டு உனக்கும் தையல் போடறேன்.”

அவர் உட்கார்ந்தார். எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான். நசுங்கிய வாலைக் காட்டி டாக்டரம்மா சொன்னார்: “இது அழுகிடும். எப்படியும் எடுக்கத்தான் போறேன்.” எடுத்தார். செய்தித்தாளில் சுருட்டி நீட்டினார். “இந்தா நாப்பது.”

அவர் பிரித்துப் பார்த்தார். “நாயி உசுரோட கீதேம்மா?”

“அவங்க நாயைக் கேட்டாங்களா, வாலைக் கேட்டாங்களா?”

“வாலுதான்.”

“அப்புறம் என்ன?”

நெற்றியில் ஏழு தையலோடு எழுந்தவர் உடனே கிளம்பவில்லை. மேஜையருகே நின்று நாயையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஒதைக்கவே இல்லியே. இப்டி கம்முனு படுத்து நா ஒரு நாயையும் பாத்ததில்லமா,” என்றார்.

“உசுரோட புடிச்சிக்கிட்டு வா. கருத்தடை பண்ணி, வெறிநாய் ஊசி போட்டு, புடிச்ச இடத்துலயே விட்டுடலாம். வாலுக்குக் கிடைக்கறதைவிட ஜாஸ்தி தரேன்.”

“யாரு டப்பு?”

“எங்கயோ இருக்கறவங்க.”

“நம்ம ஊரு நாயிக்கு அவுங்களுக்கு இன்னா வந்துச்சி?”

டாக்டரம்மா ஊசியைக் கழுவப் போய்விட்டார். தருவதற்கு அவரிடம் பணமே இல்லை என்பது இடுக்கிக்காரர் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. “நீதான் நல்லா எழுதுவியாமே,” என்று என் பக்கம் திரும்பினார்.

செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி போட்டார்கள். வயிறு சல்லடையாகி, கை கட்டோடு, அகராதியைப் புரட்டிப் புரட்டி குப்பி அனுப்பிய வெளிநாட்டு விலங்கு நலச் சங்கத்துக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதினேன். வாயில்லா ஜீவன்களின் கண்ணீர், வானைப் பிளக்கும் ஓலம், ஆயிரக்கணக்கான நாய்கள் என்று நாலு பக்கம்.

படித்துவிட்டு டாக்டரம்மா பேனாவை எடுத்து ‘ஆயிரக்கணக்கான’ என்பதன்மேல் ஒரு கோடு போட்டார். “உனக்குப் பட்டும் புத்தி வரலையா? கண்ணால பாத்ததை மட்டும் எழுது.”

ஒரு பக்கம்தான் வந்தது. நான்கு அடி, மதில்மேல் வைத்த கழுத்துப்பட்டை, சுவரில் குட்டிகள், கேக் விற்று வந்த குப்பி, காத்திருக்கும் கழுதை. கடைசி வரியில், மனு எழுதியது நான்தான் என்பதையும் சேர்த்தேன். டாக்டரம்மா அதைத் தமிழில் உரக்கப் படித்தபோது, தையல் பிரிக்க வந்திருந்த இடுக்கிக்காரரும் கொட்டகையில் இருந்தார். காதிலிருந்த பீடியை எடுத்து, பற்றவைக்காமல், மறுபடி காதிலேயே செருகிக்கொண்டார்.

சங்கம் அதைத் தன் செய்திமடலில் போட்டது. இரண்டு மாதம் கழித்துப் பதில்கள் வரத் தொடங்கின. பென்ஷனில் வாழும் ஒரு பஸ் டிரைவர் மாதாமாதம் கொஞ்சம் அனுப்புவதாக எழுதியிருந்தார். ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைகள் உண்டியலை உடைத்திருந்தார்கள். ஒரு அம்மாள் என்னை ஒரு பக்கம் முழுக்கத் திட்டிவிட்டு, இரண்டு நாய்க்கான செலவை இணைத்திருந்தார். அத்தனையையும் சேர்த்து அனுப்பிவைத்த சங்கத்தின் செய்திமடலில், எங்கள் செவலையின் படத்துக்குப் பக்கத்திலேயே சுரங்கத்தில் மூட்டை சுமக்கும் ஒரு கோவேறு கழுதையும், கூண்டில் பல் பிடுங்கப்பட்ட ஒரு கரடியும் இருந்தன. வெவ்வேறு கண்டங்கள். மூன்றுக்கும் அதே பஸ் டிரைவர்தான் பணம் அனுப்பிக்கொண்டிருந்தார்.

கழுதைக்கு மருந்து வந்தது, ஆனால் தாமதமாக. கால் போயிற்று, பிறகு கழுதையும் போயிற்று. பழைய படுக்கை விரிப்புகள் மூட்டையாக வந்தன. பனி மூடிய மரங்கள் அச்சடித்தவை. வைகாசி வெயிலில் எங்கள் ஊர் நாய்கள் பனியில் படுத்து மூச்சிரைத்தன. நாய் பிடிக்க வலையும் அனுப்பினார்கள். அவர்கள் ஊர் நாய்கள் கொழுத்தவை போலிருக்கிறது. அந்தக் கண்ணியில் எங்கள் நாய்கள் நுழைந்து வெளியே போய்விட்டன. குப்பத்து மீனவர் ஒருவர் சிரித்துச் சிரித்து, கண்ணியை நெருக்கிப் பின்னிக்கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். அதுவும் நன்கொடைதான். நான் ஆபீஸ் கேண்டீனில் வைத்த தகர உண்டியலில் முதல் மாதம் சேர்ந்தவை பஸ் டிக்கெட்டுகளும் ஒரு சட்டைப் பொத்தானும்.

இடுக்கிக்காரர் இடுக்கியைப் போட்டுவிட்டு வலைக்கு மாறினார். எங்கள் பேரூராட்சி தடி ஆட்களை அனுப்புவதை நிறுத்த மேலும் சில வருடங்கள் ஆயின. மற்ற ஊர்களில் நிற்கவில்லை. சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் பஸ்ஸில் போகும்போது ஒருமுறை அந்த நனைந்த மூட்டைச் சத்தத்தை மறுபடி கேட்டேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த நான் காதைப் பொத்திக்கொண்டேன். வேறொன்றும் செய்யவில்லை. வாட்ச்மேன் அந்தக் கழுத்துப்பட்டையை வேறு எந்த நாய்க்கும் போடவில்லை.

செவலை பிழைத்தது. கோப்பில் செத்துப்போன அந்த நாய், மூன்றரைக் காலோடு, வாலில்லாமல், எங்கள் மாடிப்படிக்குக் கீழேயே ஒன்பது வருடம் இருந்தது. என் மனைவியைக் கண்டால், ஆட்ட வாலில்லாததால், இடுப்பையே ஆட்டும். என்னைக் கண்டால் குரைக்கும்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு காலை, அது என்னுடைய இன்னொரு பேண்ட்டையும் கிழித்தது. வருடாந்தர ஊசிக்காக அதைப் பிடிக்க அந்தப் பழைய இடுக்கிக்காரர் வலையோடு வாசலில் நின்றிருந்தார். அவர் நெற்றியில் ஏழு தையலின் தழும்பு அப்படியே இருந்தது.

கிழிசலைத் தூக்கிக் காட்டினேன். “என்ன அண்ணாத்த, இன்னொரு மனு எழுதட்டுமா?”

அவர் வலையை உதறிக்கொண்டே சொன்னார்:

“எய்து சார், இந்த தபா வாலு உன்து.”