வீட்டுக்காரன் உட்காரக்கூடாத நாள்

தேசாங்காவின் அப்பா தெருவுக்கே கேட்கும்படி கத்துகிற மனிதர். அதனாலேயே அவள், குரலை உயர்த்தத் தெரியாத ஒருத்தனாகப் பார்த்துக் கட்டிக்கொண்டாள். மிலோராத் பூப்போலப் பேசுவான். தங்கமான பையன் என்று வால்யெவோ ஊரே சொன்னது. ஊர் வாய்க்கு என்ன, சொல்லிவிட்டுப் போய்விடும். கத்தாதவன் அடிக்கமாட்டான் என்று அவளாகவே நினைத்துக்கொண்டாள், பாவம்.

அவன் முதலில் சன்னலைச் சாத்துவான். பிறகு, சட்டைக் கை மறைக்கிற இடமாகப் பார்த்து அடிப்பான். முடிந்ததும் அதே மெல்லிய குரலில், "காப்பி போடு" என்பான். எழுதும்போதே பற்றிக்கொண்டு வருகிறது.

தையல் ஆலை வேலையை விடவைத்தான். தோழிகளை ஒவ்வொருவராக வாசலோடு திருப்பி அனுப்பினான். நெவேனாவைக்கூட. அவள் வெறும் தோழியா? கோயிலில் மணப்பெண் பக்கத்தில் மெழுகுவத்தி பிடித்து நின்ற கூமா, கல்யாணத்துக்கே சாட்சி. கூடப்பிறந்தவளுக்கும் ஒருபடி மேல்.

குடும்பப் புனிதரின் திருநாளில் மட்டும் அவன் பாச்சா பலிக்காது. புனித நிக்கோலாவின் நாளன்று கதவு திறந்தே கிடக்கும். அழைப்பு கிடையாது, வருகிறவர்கள் வருவார்கள். வீட்டுக்காரன் உட்காரக்கூடாது, திருநாள் மெழுகுவத்தி அணைகிறவரை நின்றபடியே விருந்தாளிகளைக் கவனிக்க வேண்டும்.

இந்த வருஷத் திருநாள் மதியம் நெவேனா வந்தாள். சிலுவை அடையாளம் போட்டு, வருகிறவர்களுக்கென்று வைத்திருந்த இனிப்புக் கோதுமையில் ஒரு கரண்டி வாயில் போட்டுக்கொண்டு, நேராகச் சமையலறைக்குள் நுழைந்தாள். தேசாங்கா மீன் பொரித்துக்கொண்டிருந்தாள்.

"கையைக் காட்டுடீ."

"எண்ணெய் தெறிச்சிருச்சு."

"நான் என்ன ஏதுன்னு இன்னும் கேக்கவே இல்லையே." நெவேனா அடுப்பை அணைத்தாள். "அன்னிக்கு உன் பக்கத்துல நின்னு சாட்சி சொன்னவ நான். போதும்னு சொல்றதும் நானாத்தான் இருக்கணும். கோட்டை மாட்டு."

"வீடு நெறைய ஆளுங்க இருக்காங்களே!"

"அதுக்குத்தான் இன்னிக்கு வந்தேன். ஆளில்லாத வீட்லேர்ந்து உன்னக் கூட்டிட்டுப் போக எனக்கே பயம்டீ."

தேசாங்கா கோட்டை மாட்டினாள். நெவேனா அவள் இடுப்பை வளைத்துப் பிடித்தபடி, சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தனை பேர் நடுவிலும் கூட்டிக்கொண்டு போனாள். மிலோராத் ஒயின் சீசாவோடு வெளிவாசல்வரை வந்துவிட்டான்.

"தேசாங்கா, கண்ணு, உள்ள வா." அதே பூப்போன்ற குரல்.

உள்ளேயிருந்து யாரோ, "வீட்டுக்காரரே, இங்க கிளாஸ் காலி!" என்று கூப்பிட்டார்கள். அவன் திரும்பிப் பார்த்தான். சன்னல் நிறைய முகங்கள்.

"இப்பப் போனேன்னா, அப்புறம் இந்த வாசல மிதிக்க முடியாது," என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு.

"அதுக்குத்தானே போறேன்."

சொன்னது தானா என்று அவளுக்கே நம்பமுடியவில்லை. மிலோராத் சீசாவை மாற்றிப் பிடித்தான். பிறகு, பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்காக ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டு உள்ளே போனான்.

காரில் பெல்ட்டைக்கூட நெவேனாதான் மாட்டிவிட்டாள். வண்டி பாலத்தைத் தாண்டியது.

"அழணும்னா அழுதுரு, அடக்காத," என்றாள் நெவேனா.

"பசிக்குதுடீ," என்றாள் தேசாங்கா. "காலையிலேர்ந்து எல்லாருக்கும் போட்டேன். நான் ஒரு வாய் சாப்பிடல."

நெவேனா வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, ஓவென்று அழுதாள்.