கிட்டத்தட்டச் சரி

அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புக்குள் நுழைகிற பிள்ளைகளுக்கு முதல் வாரத்திலேயே ஒரு கணக்குப் பரீட்சை வைத்துவிடுவார்கள். அதில் வாங்கும் மார்க்கை வைத்து முதல் பிரிவு, இரண்டாம் பிரிவு, மூன்றாம் பிரிவு என்று பிரித்து மூன்று அறைகளுக்கு அனுப்பிவிடுவார்கள். முதல் பிரிவுக்காரர்கள் மேலே எதை வேண்டுமானாலும் படிக்கலாம். இரண்டாம் பிரிவுக்காரர்களுக்குப் பாதிக் கதவாவது திறந்திருக்கும். மூன்றாம் பிரிவில் நடத்துகிற பாடத்துக்கு 'அன்றாடக் கணிதம்' என்று பெயர். பெயர் என்னவோ லட்சணமாகத்தான் இருக்கிறது. உள்ளதைச் சொன்னால், அந்தப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் தெளித்து விட்டாயிற்று என்று அர்த்தம்.

அந்த மூன்றாம் பிரிவுக்கு வாத்தியார்தான் நம்முடைய ஆள். பிள்ளைகள் வைத்த பெயர் தோராயம் சார். வேலைக்குச் சேர்ந்த புதிதில், "ஒரு வருஷம் பாருங்க சார், அப்புறம் மாத்திடலாம்" என்று சொல்லித்தான் அந்த வகுப்பை அவர் தலையில் கட்டினார்கள். அதற்குப் பிறகு புதிதாக எத்தனையோ பேர் வந்தார்கள். அவர்களுக்கெல்லாம் வாய் இருந்தது, இவருக்கு இல்லை. தலை நரைக்கிற வரைக்கும் மாடிப்படிக்குப் பக்கத்திலிருந்த அந்த அறையிலேயே காலம் ஓடிவிட்டது. பின்பக்கம் உடைந்த நாற்காலிகளை அடுக்கி வைத்திருப்பார்கள். ஜன்னலைத் திறந்தால் சைக்கிள் நிறுத்துமிடம்.

அதற்காக அவர் நல்ல வாத்தியார் இல்லை என்று யாராவது சொன்னால் நாக்கு அழுகிப்போகும். அங்கே வந்து சேருகிற பிள்ளைகள் எண்ணைப் பார்த்தாலே பேயைப் பார்த்த மாதிரி வெளிறிப்போவார்கள். அவர் முதல் வேலையாக அந்தப் பயத்தைத்தான் துரத்துவார்.

"என்ன, நானூத்தி எண்பத்தேழைப் பார்த்தா பயமா இருக்கா? ஐநூறுன்னு வெச்சுக்கோ. இப்போ போடு பாப்போம்."

போட்டால் விடை கிட்டத்தட்ட வரும். கிட்டத்தட்ட வந்தால் போதும், முழு மார்க். சுவருக்கு எத்தனை டப்பா பெயின்ட் வேண்டும், திரைச்சீலைக்கு எவ்வளவு துணி வேண்டும், எல்லாமே அப்படித்தான். "அரை டப்பா கூடக் குறைய ஆனா சுவர் கோவிச்சுக்கவா போகுது?" என்பார். வகுப்பு சிரிக்கும். கணக்கு வகுப்பில் பிள்ளைகள் சிரிக்கிற அறை அந்தக் கட்டடத்திலேயே அது ஒன்றுதான்.

பெற்றோர் கூட்டம் வந்தால் வாடிப்போன முகத்தோடு வருகிற அப்பா அம்மாக்களிடம் ஒரே பாட்டைத்தான் பாடுவார். "எல்லாப் பிரிவும் ஒண்ணுதாங்க. பேர்தான் வேற." அவர்களும் பாதி நம்பிக்கொண்டு எழுந்து போவார்கள். அவர் முழுசாகவே நம்பினார் என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது, அவருடைய மகளுக்கு அந்தப் பரீட்சை வருகிற வரைக்கும்.

ஒரே மகள். வீட்டில் குட்டிமா என்று கூப்பிடுவார்கள். அவருடைய தங்கை ஆஸ்பத்திரி ஒன்றில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். ஒரு விடுமுறையில் குட்டிமாவைக் கூட்டிப்போய், மைக்ராஸ்கோப்பில் ஒரு சொட்டு ரத்தத்தைக் காட்டியிருக்கிறாள். அன்றைக்குப் பிடித்த பைத்தியம். அத்தை மாதிரி வெள்ளைக் கோட்டு, அத்தை மாதிரி கையுறை, அத்தை மாதிரி வேலை. வேறு பேச்சே கிடையாது. அந்தப் படிப்புக்குக் குறைந்தபட்சம் இரண்டாம் பிரிவுக் கணக்கு வேண்டும். குட்டிமாவுக்குக் கிடைத்தது மூன்றாம் பிரிவு.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை முடிந்து வந்து, பையைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டாள்.

"எல்லாப் பிரிவும் ஒண்ணுதாங்கன்னு ஊருக்கெல்லாம் சொல்வீங்களே. எனக்கும் ஒரு தடவை சொல்லுங்க."

எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு சொல்வார்?

ஒரே ஒரு வழி பாக்கி இருந்தது. அரையாண்டு முடிந்ததும் பிரிவு மாறுவதற்கு ஒரு பரீட்சை வைப்பார்கள். ஒருவருக்கு ஒரு தடவைதான். அதில் தேறினால் இரண்டாம் பிரிவு. தவறினால் அதோடு சரி. மூன்றாம் பிரிவிலிருந்து வருஷா வருஷம் ஒன்றிரண்டு பேர் எழுதுவார்கள். இதுவரை ஒருத்தர்கூடத் தேறியதில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு அவ்வளவுதான் எட்டும் போலிருக்கிறது என்று அவரும் விட்டுவிட்டார். ஆனால் தன் மகள் விஷயத்தில் அப்படி விட முடியுமா?

தினமும் சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார். இங்கே தோராயத்துக்கு வேலையே இல்லை. "நானூத்தி எண்பத்தேழுன்னா நானூத்தி எண்பத்தேழுதான். புள்ளிக்கு அப்புறம் என்ன வருதோ அதையும் எழுது." குட்டிமா மளமளவென்று பிடித்துக்கொண்டாள். மூளை இல்லாத பெண் இல்லை அவள். ஆனால் காலையில் பள்ளிக்கூடம் போனால், மூன்றாம் பிரிவில் அதே அப்பா முன்னால் உட்கார வேண்டும். அங்கே அவர் பழையபடி "ஐநூறுன்னு வெச்சுக்கோங்க" என்பார். மற்ற பிள்ளைகளை அம்போ என்று விட்டுவிட முடியாதே.

ஒரு நாள் அவளே கேட்டாள்.

"எதுப்பா சரி? பகல்ல சார் ஒண்ணு சொல்றாரு, சாயங்காலம் அப்பா ஒண்ணு சொல்றாரு."

"சாரை நம்பாதே, அப்பாவை நம்பு," என்று சிரித்தார்.

அவளும் சிரித்தாள். அந்த இடத்தில் அவர் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும். ஒரு தலைக்குள் இரண்டு கணக்கைப் போட்டுத் திணித்தால், நெருக்கடி வருகிறபோது எது முன்னால் வந்து நிற்கும் என்று வாத்தியாருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? ஆனால் மனுஷனுக்கு அப்போது நம்பிக்கை வந்திருந்தது. தங்கைக்குப் போன் செய்து, "தேறிடுவா போலிருக்கு" என்றுகூடச் சொல்லிவிட்டார்.

பரீட்சை முடிந்து முடிவு வருவதற்கு முன்பே, முதல் பிரிவுக்குப் பாடம் எடுக்கிற மேடம் ஆசிரியர் அறையில் அவரைத் தனியாகக் கூப்பிட்டார். கணக்குப் பாடத்துக்கெல்லாம் தலைவி அவர்தான். நல்ல பெண்மணி. யாரையும் குத்திப் பேசத் தெரியாது.

"உங்க பொண்ணு தேறல சார்," என்றார் மேடம்.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"வழி பூராவும் சரியாத்தான் போட்டிருக்கா. அவ கணக்குப் போட்டுப் பார்த்த தாளை நானே உக்காந்து பார்த்தேன். என் பிள்ளைகள்கூட இவ்வளவு சுத்தமா போட மாட்டாங்க. எல்லாத்துலயும் கடைசி வரில வந்து ரவுண்டா மாத்தி வெச்சிட்டா. அறுநூத்தி பதிமூணை அறுநூறுன்னு எழுதியிருக்கா."

"வழிக்கு ஏதாவது மார்க்..."

"திருத்துற மெஷின் வழியைப் பார்க்காது சார். கட்டத்துல இருக்கிற எண்ணைத்தான் பார்க்கும்."

"பார்த்து ஏதாவது செய்யுங்க மேடம். ஒரே பொண்ணு." வாழ்க்கையில் யாரிடமும் கெஞ்சாத மனிதர் அன்றைக்குக் கெஞ்சினார்.

மேடம் கையைப் பிசைந்தார். பிறகு சொல்லாமலே இருந்திருக்கக் கூடிய ஒன்றைச் சொன்னார்.

"உங்க பிரிவுலேர்ந்து எழுதுறவங்க எல்லாருமே இப்படித்தான் சார் எழுதுவாங்க. கொஞ்ச வருஷமாவே கவனிச்சிட்டுதான் இருக்கேன். உங்ககிட்ட சொல்லணும்னு நினைப்பேன். மனசு கஷ்டப்படுவீங்களேன்னு விட்டுடுவேன்."

அடப்பாவமே. அத்தனை வருஷமாக மேலே போக எழுதிய பிள்ளைகளில் எத்தனை பேருக்கு எட்டியிருக்கும்? எட்டவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தாரே, எட்டிய கையை அவரே பிடித்துக் கீழே இழுத்திருக்கிறார். அன்பாகத்தான் இழுத்திருக்கிறார். அடுத்த பாடவேளைக்கு மணி அடித்தும் அவர் எழுந்திருக்கவில்லை.

வீட்டில் குட்டிமா அழவில்லை. "பயமா இருந்துச்சுப்பா. ரவுண்டா எழுதினதும் கொஞ்சம் தைரியமா இருந்துச்சு," என்று மட்டும் சொன்னாள். மனைவி வழக்கம்போல அவருக்குத் தட்டு வைத்துச் சோறு போட்டாள். திட்டியிருந்தால்கூட அவருக்குத் தேவலை போல இருந்திருக்கும்.

மறுநாளே மூன்றாம் பிரிவில் தோராயத்தை நிறுத்தினார். இனிமேல் சரியான விடைக்குத்தான் மார்க் என்றார். இரண்டு நாளில் அந்த அறையில் சிரிப்பு நின்றது. மூன்றாம் நாள் முன்வரிசைப் பெண் ஒருத்தி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, பழைய மாதிரி வெளிறிப்போய் உட்கார்ந்துவிட்டாள். மாறுதல் பரீட்சை முடிந்துவிட்டது, இந்தப் பிள்ளைகளின் விடைக்காக இனி யாரும் எங்கேயும் காத்திருக்கவில்லை. யாருக்காக இவர்களைப் படுத்துகிறோம் என்று தோன்றிவிட்டது அவருக்கு. யாரும் காத்திருக்கவில்லை என்பதால்தான் இத்தனை வருஷமும் தாராளமாக முழு மார்க் போட முடிந்தது என்பதும் அப்போதுதான் உறைத்தது. சாக்பீஸை எடுத்து, "சரி விடுங்க, ஐநூறுன்னே வெச்சுக்கோங்க" என்றார். எல்லோர் முகத்திலும் உயிர் வந்தது, குட்டிமா முகத்தைத் தவிர. அவள் நிமிராமலே ஐநூறு என்று எழுதிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை தங்கை போன் செய்தாள். குட்டிமாதான் எடுத்தாள். அவர் சமையலறையில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். கூடத்திலிருந்து பேச்சு தெளிவாகக் கேட்டது.

"இல்ல அத்தை, தேறல... பரவால்ல, எனக்கே அதுல இப்போ அவ்வளவா இஷ்டமில்ல... சேச்சே, அப்பா நல்லாத்தான் சொல்லிக் குடுத்தாரு. எனக்குத்தான் கணக்கு மண்டைல ஏறாது."

அவர் குழாயை மூடினார். பொய் சொல்கிறாள். அவருக்காகச் சொல்கிறாள். ஏறும் அவளுக்கு, நன்றாகவே ஏறும், கெடுத்தவன் நான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஈரக் கையோடு கூடத்துக்குப் போனார். மனைவி சோபாவில் உட்கார்ந்து அவரையே பார்த்தாள்.

"அத்தை உங்ககிட்ட பேசணுமாம்ப்பா," என்று குட்டிமா போனை நீட்டினாள்.

"என்னண்ணா," என்றாள் தங்கை. "தேறிடுவான்னு சொன்னீங்களே. நிஜமாவே அவளுக்குக் கணக்கு வராதா?"

குட்டிமா எதிரிலேயே நின்றாள். நகரவில்லை. சொன்னதையெல்லாம் சொல்லிவிட்டு, அப்பா அதை மறுத்துப் பேசுவார் என்று காத்துக்கொண்டு நின்றாள். அது அவருக்கு நன்றாகவே தெரிந்தது. ஆனால் அதைச் சொன்னால் தங்கை ஏன் என்று கேட்பாள், பிறகு மற்ற பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டிவரும், பிறகு திங்கட்கிழமை எந்த முகத்தோடு அந்த அறைக்குள் நுழைவது?

"ஆமாம்மா," என்றார். "அவளுக்குக் கொஞ்சம் கஷ்டம்தான்."

குட்டிமா தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.