கதிரண்ணனின் வலது பெடல்

ஜூன் எட்டு, ஞாயிறு, காலை பத்தேகால். ஓடுபாதையில் ஐந்து விமானங்கள் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க நின்றன. ஆறாவது இடம் காலி. அப்போதுதான் கதிரண்ணன் மனைவி மகேஸ் அக்கா எனக்கு ஃபோன் செய்தார். “தம்பி, எல்லாரும் கம்ப்யூட்டர் முன்னாடிதான் இருப்பீங்க. சொல்லிப்போடுங்க. உங்க அண்ணன் விடிகாலைல போயிட்டாருங்க. மூச்சு உடவே முடியலை.”

மைக்கில் சொன்னேன். யாரும் வெளியேறவில்லை. ஓடுபாதையில் நின்றே சூடேறி எஞ்சின்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம்.

நம் ஆறு பேருக்கும் ஞாயிற்றுக்கிழமை என்றால் பழைய காலத்துப் போர் விமானம்தான், கம்ப்யூட்டரில். கதிர்வேல் அண்ணன் என் பம்ப் கம்பெனியில் பக்கத்து மேசை. முப்பத்தாறு வயது. மதுக்கரையில் வீடு. முதலில் அவரிடம் இருந்தது முறுக்கினால் வால் திரும்பும் ஸ்டிக். “தூக்கிப் போடுங்கண்ணா, வாலைக் கால்ல திருப்பற பெடல் வாங்குங்க” என்றேன். நான் அப்படித்தான் பேசுவேன். அவர் உடனே கேட்கவில்லை. என் வீட்டுக்கு வந்து, சாக்ஸோடும் சாக்ஸ் இல்லாமலும் என் பெடலை மிதித்துப் பார்த்து, குதிகால் எங்கே நிற்கிறது என்று குனிந்து பார்த்து, அப்புறம்தான் சொன்னார்: “கைக்கு ஒரு வேலை, காலுக்கு ஒரு வேலைங்க. ரெண்டையும் கைகிட்டயே குடுத்தா சுடற நேரத்துல பிளேன் மூக்கு ஆடுது.”

வாங்கிய பெடல் அவர் வீட்டு டைல்ஸில் நிற்கவில்லை. சுவருக்கும் பெடலுக்கும் நடுவில் பலகை அடித்தோம். இப்போது மிதித்தால் நாற்காலி பின்னால் ஓடியது. சக்கரத்துக்குப் பின்னால் சென்னிமலை பெட்ஷீட்டை மடித்து வைத்தார். “ஏனுங்க, கல்யாணத்துக்கு வந்த பெட்ஷீட்டுங்க அது!” என்று அக்கா சமையலறையிலிருந்து சத்தம் போட்டார். “அதனாலதான் நழுவாம நிக்குது அம்மணி” என்றார் அண்ணன்.

புறப்படும் முன் ‘ரெடி’ என்று நாம் யாரும் சொல்வதில்லை. வாலை இடது ஒருமுறை, வலது ஒருமுறை ஆட்டுவோம். அவர் மைக்கில் ஃபேன் சத்தம் தவிர எதுவும் சரியாகக் கேட்காததால் வந்த வழக்கம் அது.

போன வருடம் அவர் விமானம் கிளம்பும்போதெல்லாம் இடது பக்கம் இழுத்துக்கொண்டு புல்லுக்குள் போக ஆரம்பித்தது. அந்த விமானங்கள் இடது பக்கம்தான் இழுக்கும். வலது காலை அழுத்திப் பிடிக்க வேண்டும். நாம் எல்லோரும் எஞ்சினியர்கள் அல்லவா? ஒருத்தர் சென்சாரில் தூசி என்றார். ஒருத்தர் செட்டிங்கை மாற்றச் சொன்னார். நான் பெடலையே கழற்றிக் கொண்டுவந்து, சுத்தம் செய்து, புது ஸ்பிரிங் போட்டு, மிதித்துப் பார்த்தேன். பிரமாதமாக வேலை செய்தது. என் காலுக்கு.

திருப்பி மாட்டப் போனபோது அக்காதான் கேட்டார். “ஏனுங்க தம்பி, அவருக்கு வலது கால்ல செருப்பே நிக்கறதில்ல. நடக்கறப்பவே கழண்டு போகுது. நீங்க அந்த மெசினையே நோண்டிட்டு இருக்கீங்க?”

டாக்டர் நோயின் பெயரைச் சொன்னார். நரம்பு செத்துக்கொண்டே வரும், தசை தளர்ந்துகொண்டே போகும், மருந்து இல்லை. அண்ணன் நமக்குச் சொன்னது இவ்வளவுதான்: “ஸ்பிரிங்க மாத்திப்போட்டீங்க. காலுக்கு ஸ்பேர் கெடைக்கலீங்க.”

அப்புறம் நான் சும்மா இருக்கவில்லை. லேசான ஸ்பிரிங் போட்டேன். இடது பாதத்தைப் பெடலோடு பட்டையால் கட்டினோம்; தள்ளினால் இடது, இழுத்தால் வலது. ஒரே காலில் வேலை நடந்தது. அந்த மாதம்தான் என்னை மேகத்துக்கு மேலேயே சுட்டு வீழ்த்தினார். “ஒத்தக் கால்லயே உங்கள உழுத்தாட்டிப்போட்டேன் பாத்தீங்களா!” சிரித்து சிரித்து இருமல் வந்துவிட்டது.

அப்புறம் இடது காலும் போனது. இடது கைக் கட்டைவிரலுக்கு ஒரு நெம்புகோல் செய்தேன். சரியாக வராமல் திரும்பச் செய்தேன். அது சரியாக வந்த வாரம் கட்டைவிரல் அசையவில்லை. ஒவ்வொரு தடவையும் நான் போன மாதத்துக் கதிரண்ணனுக்குத்தான் செய்துகொண்டிருந்தேன். ஸ்பிரிங், பட்டை, நெம்புகோல் எல்லாம் என் கையில் இருந்தது. எதுவும் என் கையில் இல்லை.

“வாலை ஆட்டோமேட்டிக்ல போட்டுடலாம்ணா. கம்ப்யூட்டரே பாத்துக்கும்.”

“அதுக்கு நான் எதுக்குங்க? எம் பேர எழுதி வெச்சு அதையே பறக்க உடுங்க.”

ஜூன் முதல் ஞாயிறு உங்கள் நாலு பேருக்கும் நினைவிருக்கும். அவர் விமானத்தின் வால் இடது பக்கம் திரும்பியது. வலது பக்கம் வரவில்லை. நாம் காத்திருந்தோம். ஃபேன் சத்தத்துக்கு நடுவே, மேசைக்கு அடியிலிருந்து அக்காவின் குரல்: “இன்னும் அமுத்தட்டுங்களா?”

“கொஞ்சம் அம்மணி... போதும், போதும்! புல்லுக்குள்ள போயிரும்!”

அக்கா தரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் பெடலை அழுத்திக்கொண்டிருந்தார். “ஆட்டோமேட்டிக் வேண்டாம்னீங்களேண்ணா” என்றேன்.

“இது ஆட்டோமேட்டிக் இல்லீங்க. சொன்னாத்தான் கேக்கும். சில நேரம் சொன்னாலும் கேக்காது.”

நேராகக் கிளம்பினார். அந்த ஒரு வருடத்தில் அவ்வளவு நேராக அவர் கிளம்பி நான் பார்த்ததில்லை.

காரியம் முடிந்த மறுநாள் அக்கா ஃபோன் செய்தார். “தம்பி, அந்தப் பெடல எப்பங்க எடுத்துட்டுப் போவீங்க? பெருக்கறப்ப கை படுதுங்க.” “வாரேங்க்கா” என்றேன்.

இனி செய்யப்போவது:

1. நாளை மதுக்கரை போய்ப் பெடலைக் கழற்றுவேன். பலகையை அக்கா சொன்னால்தான் எடுப்பேன். பெட்ஷீட்டை எடுக்கமாட்டேன்.

2. அந்தப் பெடலைத்தான் இனி மிதிப்பேன். ஸ்பிரிங்கை மாற்றமாட்டேன். அவருக்காகத் தளர்த்தியது, என் கால் பட்டாலே வால் எங்கேயோ போகும். பழகிக்கொள்வேன்.

3. ஞாயிறு பத்து மணிக்கு வருவேன். நீங்களும் வாருங்கள். ஆறாவது இடத்துக்கு இப்போதைக்கு ஆள் தேட வேண்டாம்.

4. ஓடுபாதையில் வாலை இடது பக்கம் ஆட்டுவேன். வலது பக்கம் ஆட்டும் முன் கொஞ்சம் காத்திருப்பேன்.